புதன்கிழமை வரை நிற்கிற சமாதானம் எது?

மூன்று வழியையும் பார்த்தாகிவிட்டது. ஹட்டனில் மாதம் ஒருமுறை நடக்கும் முழு இரவு ஜெபம், கண்டிப் பக்கம் மூன்று நாள் மௌனத் தியானம், அப்புறம் வீட்டிலேயே காலையும் இரவும் வேதாகமத்திலுள்ள சங்கீதம் படிப்பது. நான் நின்றது கடைசியில் சொன்னதில். அதனால் இது நடுநிலையாக இருக்காது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் நிம்மதி போனதற்குக் காரணம் நுண்கடன். தம்பி வெளிநாடு போகவென்று குழுவில் சேர்ந்து ஒரு லட்சம் எடுத்தோம். தம்பி போகவில்லை, ஏஜென்ட்தான் காசோடு போய்விட்டான். ஒவ்வொரு புதனும் காலை பத்து மணிக்கு வசூலுக்கு ஆள் வரும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் கட்ட வேண்டும், நாலு பேரும் ஒரே லயம், தோட்டத்து வரிசை வீடுகள். மேல் ரோட்டு வளைவில் பைக் சத்தம் கேட்டாலே வயிற்றைப் பிசையும். ஆகவே நான் எதையும் அளந்து பார்த்தது ஒரே அளவுகோலில்தான்: புதன் பத்து மணிக்கு அந்தச் சமாதானம் கூட இருக்குமா?

முழு இரவு ஜெபத்தில் பாரம் இறங்குவது உண்மை. வேனில் பன்னிரண்டு பேர் நெருக்கிக்கொண்டு போவோம். பாட்டு, கண்ணீர், சாட்சி, விடியற்காலையில் பால் இல்லாத ஒரு பிளேன்டி. சனிக்கிழமை முழுக்க மனம் பஞ்சு மாதிரி இருக்கும். ஞாயிறும் பரவாயில்லை. திங்கள் கரையத் தொடங்கி, புதன் காலை பழைய இடத்துக்கே வந்துவிடுவேன். வருடம் முடிவதற்குள் கடன் எல்லாம் நீங்கும் என்று மேடையில் சொன்னார்கள். தவணை குறிக்கிற கடன் அட்டையில் அப்படி ஒன்றும் காணோம். அப்போது கடனோடு இன்னொரு பாரமும் சேர்ந்தது: என் விசுவாசம்தான் குறைவோ? ஆனால் ஒன்று, அம்மா மலையில் வழுக்கி விழுந்து கிடந்தபோது அரிசியும் தேங்காயும் தூக்கிக்கொண்டு முதலில் வந்தது அந்தச் சபை அக்காமார்தான். தனியாகப் படிக்கிற சங்கீதம் அதைச் செய்யாது.

மௌனத் தியானத்துக்கு ஒரே ஒரு தடவைதான் போனேன், அதிகம் பேச எனக்குத் தகுதி இல்லை. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அம்மா மாதிரிக் கொழுந்து எடுக்கிறவர்களுக்கு மூன்று நாள் என்றால் மூன்று பேர், அதாவது மூன்று நாள் சம்பளம், போச்சு. திரும்பி வந்தால் லயத்தில் அடுத்த காம்பராவில், அதாவது பக்கத்து அறையில், டிவி ஓடும், நடுச்சுவர் கூரை வரைக்கும் கூட எட்டாது.

சரி, சங்கீதம். இதற்கு வேன் காசு இல்லை, லீவு இல்லை. அம்மா அடுப்பு மூட்டுகிற நேரம், ஈரத்தில் உப்பிப்போன எங்கள் வேதாகமத்தை போன் வெளிச்சத்தில் விரிப்பேன். காலைக்கு ஒன்று. 150 சங்கீதம், ஒரு சுற்று ஐந்து மாதம். இரண்டு நாள் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. மற்ற இரண்டிலும் போனது திரும்ப வேண்டுமென்றால் அடுத்த மாதம் வரை, இல்லை அடுத்த லீவு வரை காத்திருக்க வேண்டும். இதில் நாளைக் காலை வரை போதும். எனக்கு முடிவு செய்து கொடுத்தது இதுதான்.

இன்னொன்று, சங்கீதக்காரர்கள் நடிப்பதில்லை. நிறைய இடத்தில் முறைப்பாடுதான். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, கடைசி வரியில் கூட ஆறுதல் இல்லை. அதைப் படித்த அன்றுதான் நானும் தேவனிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். 121இல் பர்வதங்களை ஏறெடுத்துப் பார்ப்பதாக வரும். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதற்குப் பிறகு, மழைக்காலத்தில் மலையைப் பார்த்தால் அம்மாவுக்குப் பயம்தான் வரும். ஆனால் அடுத்த வசனம் ஒத்தாசை மலையிலிருந்து வரும் என்று சொல்லவில்லை, வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து என்கிறது.

இரவுக்கான வழக்கம் ஹப்புத்தளையில் கிடைத்தது. 1931இல் வில்லியர்ஸ் துரை கட்டிய அடிஷம் பங்களாவில் இப்போது இருப்பது பெனடிக்ட் சபைத் துறவிகள். எல்லாரும் ஜாம் வாங்கவும் போட்டோ எடுக்கவும் போகிறார்கள், நானும் அதற்குத்தான் போனேன். வந்த பிறகு அந்தத் துறவிகள் பின்பற்றுகிற ஒழுங்கு விதிகளைத் தேடிப் படித்தேன். படுக்குமுன் தினமும் அதே மூன்று சங்கீதம் என்று பெனடிக்ட் 6ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்: 4, 91, 134. கரண்ட் போனாலும் சொல்லலாம், மனப்பாடமாகிவிட்டது. 4ஆம் சங்கீதம் முடிவதே சமாதானத்தோடு படுத்து நித்திரை செய்வேன் என்றுதான்.

பிலிப்பியர் 4:7இல் தேவசமாதானம் இருதயத்தைக் காத்துக்கொள்ளும் என்று இருக்கிறது. அந்தக் காத்தல் கிரேக்கத்தில் படைவீரர் காவல் நிற்பதைக் குறிக்கிற சொல். பவுல் அதைச் சிறையிலிருந்து எழுதினார். கடன் போகும் என்று அதில் இல்லை.

எனக்கு இதில் அனுபவம் ஒன்றரை வருடம்தான். பெரிய சாவு, பெரிய நோய் எதையும் இதை வைத்துக் கடந்ததில்லை. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்கிறவர்கள் சங்கீதத்தோடு ஆஸ்பத்திரிக்கும் போங்கள், இலங்கையில் மனநல உதவிக்கான 1926 என்ற நம்பருக்கு போன் எடுங்கள்.

போன புதனும் பைக் சத்தம் கேட்டது. வயிறு பிசையத்தான் செய்தது. ஆனால் காசை எண்ணும்போது கை நடுங்கவில்லை. அட்டையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, “தம்பி, பிளேன்டி குடிக்கிறீங்களா?” என்று கேட்டேன். மழையில் நனைந்திருந்தார். குடித்துவிட்டுப் போனார். இன்னும் பதினொரு தவணை இருக்கிறது.