'டவுன்லோடு' என்று போட்டிருந்தது, நம்பிவிட்டேன்

பாட்டு ஆப்புக்கு வருடச் சந்தா கட்டியிருப்பவர்களும் கட்டலாமா என்று யோசிப்பவர்களும் இதைப் படித்துவிடுங்கள். ஆப்பின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏறக்குறைய எல்லாமே இப்படித்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அப்பா ஊரில் தனியாக இருக்கிறார். வீட்டுக்குள் சிக்னல் வராது, கொல்லைப்பக்கம் போய் நின்றால் ஒரு கோடு காட்டும். 'இணையம் இல்லாமலும் கேட்கலாம்' என்று விளம்பரம் சொன்னதால்தான் சந்தா எடுத்தேன். பொங்கலுக்குப் போனபோது டவுனில் இருக்கும் தங்கை வீட்டு வைஃபையில் அப்பாவும் நானும் இரண்டு நாள் உட்கார்ந்தோம். அவர் சொல்லச் சொல்ல நான் தேடி எடுத்தேன். சீர்காழி, டி.எம்.எஸ்., சுசீலா, மதுரை சோமு கச்சேரி இரண்டு. மொத்தம் 412. ஒவ்வொன்றுக்கும் கீழ்நோக்கிய அம்பை அழுத்த, பச்சை டிக் விழுந்தது. "இனிமே இதெல்லாம் உங்க போன்லயே இருக்கும்ப்பா" என்று சொன்னேன். அதை நினைத்தால்தான் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

முதல் வருடம் ஒரு தொல்லையும் இல்லை. இரண்டாம் வருடம் பணம் எடுக்க வேண்டிய நேரத்தில் என் வங்கி அட்டை மாறியிருந்தது. பணம் போகவில்லை. அது பற்றி வந்த மின்னஞ்சல் விளம்பரக் குப்பையோடு கிடந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. ஒருநாள் காலையில் அப்பா கூப்பிட்டார். "என்னடா, காசு கட்டினேன்னு சொன்னியே, பாட்டு ஒண்ணையும் காணோமே?"

உடனே கட்டினேன். ஆனால் போனில் இருந்தவை தானாகத் திரும்பவில்லை. 412 பாட்டையும் மறுபடி இறக்க வேண்டுமாம், அந்த ஒரு கோடு சிக்னலில்! அடுத்த மாதம் ஊருக்குப் போய், அப்பாவின் போனைத் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோய் இறக்கினேன். அதிலும் 37 பாட்டு சாம்பல் நிறத்தில் நின்றது. சோமுவும் அதில் அடக்கம். வாடிக்கையாளர் சேவையில் முதல் இருபது நிமிடம் இயந்திரம் பேசியது, அப்புறம் ஒரு மனிதர் வந்தார். இசை நிறுவனத்தோடு ஒப்பந்தம் முடிந்துவிட்டது, டவுன்லோடு என்பது 'ஆப்புக்குள் கேட்கும் வசதி' மட்டும்தான், விதிமுறையில் இருக்கிறது என்றார். போய்ப் பார்த்தேன், இருந்தது. அதை முன்பே படித்திருந்தால் பட்டனைப் பார்த்து ஏமாந்திருக்க மாட்டேன். ஆனால் பட்டனில் வேறு வார்த்தை போட்டிருக்கலாமே?

சரி, இருப்பதையாவது பென்டிரைவில் போட்டுக் காரில் கேட்கலாம் என்று போனைக் கணினியோடு இணைத்தேன். பாட்டின் பெயரே இல்லை. எண்ணும் எழுத்தும் கலந்த நீளமான பெயர்களில் கோப்புகள் கிடந்தன. நகலெடுத்தேன், எதிலும் பாடவில்லை. காரணம் எளிது. போனில் இறங்குவது பூட்டிய கோப்பு. சாவியை நிறுவனத்தின் சர்வர் தருகிறது, அதற்குக் கெடுவும் உண்டு. என்னுடையது ஸ்பாட்டிஃபை அல்ல, ஆனால் 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் தலைகாட்ட வேண்டும் என்று அவர்கள் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். சிக்னல் இல்லாத ஊரில் இருப்பவர்கள் இதை முதலில் கவனியுங்கள்.

இந்தப் பூட்டுக் கதை பழையது. அமெரிக்காவில் மைக்ரோசாஃப்டின் எம்.எஸ்.என். மியூசிக்கில் ஜனங்கள் பாட்டை வாடகைக்கு எடுக்கவில்லை, ஒவ்வொன்றாகக் காசு கொடுத்தே வாங்கினார்கள். 2008 ஏப்ரலில் அவர்களுக்குக் கடிதம் வந்தது: ஆகஸ்ட் 31-க்குப் பிறகு சாவி தரும் சர்வர் இருக்காது, புதுக் கணினிக்கு மாறினால் பாட்டு திறக்காது. கூச்சல் கிளம்பியதும் 2011 வரை நீட்டித்தார்கள். அதே 2008-ல் யாஹூவும் வால்மார்ட்டும் இதே வேலையில் இறங்கின. ஆப்பிளின் பாட்டுக் கடையான ஐடியூன்ஸ் 2003-லிருந்து பூட்டோடுதான் விற்றது, 2009 ஜனவரியில்தான் எல்லாப் பாட்டிலிருந்தும் பூட்டை எடுக்கப்போவதாக அறிவித்தது. விற்கிற பாட்டில் கழற்றிய பூட்டு, சந்தா ஆப் வந்ததும் வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது.

நம் ஊரிலேயே மாறாக ஓர் உதாரணம் உண்டு. ஃபிளிப்கார்ட் 2012-ல் ஃபிளைட் என்று ஒரு பாட்டுக் கடை திறந்தது, 2013 ஜூனில் மூடியது. ஆனால் விற்றது பூட்டில்லாத எம்பி3. அங்கே வாங்கியதை என் அலுவலக நண்பர் ஒருவர் இன்றும் காரில் கேட்கிறார்.

அப்பாவின் அலமாரியில் ரெக்கார்டிங் சென்டரில் பதிந்த கேசட்டுகள் இருக்கின்றன. தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் பதிந்து தருவார்கள். நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றினால் போதும், இப்போதும் பாடுகிறது. அதற்கு உரிமம் ஏது என்று கேட்டால் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

ஆப் பூட்டை உடைக்கும் மென்பொருள் இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். வேண்டாம். உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு வருடம் வரை சிறை என்று 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 65ஏ பிரிவு சொல்கிறது. தவிர, இலவசமாகக் கிடைக்கும் அந்த மென்பொருளோடு என்னென்ன கணினிக்குள் நுழையும் என்று யாருக்குத் தெரியும்?

பணம் கட்டும் முன் ஒரே ஒரு பாட்டை இறக்கி, பென்டிரைவுக்கு மாற்றி, வேறு எதிலாவது போட்டுப் பாருங்கள். பாடவில்லையென்றால் நீங்கள் கட்டுவது வாடகை. வாடகை கட்டிக் கேட்பதில் தப்பில்லை, நானும் சென்னையில் அப்படித்தான் கேட்கிறேன். கூடவே வைத்துக்கொள்ள வேண்டிய பாட்டென்றால் ஐடியூன்ஸில் தனியாக வாங்கலாம். தனிக் கலைஞர்களுடையது பேண்ட்கேம்ப் என்ற இணையதளத்தில் பூட்டில்லாமல் கிடைக்கிறது. ஆப்பில் சேர்த்த பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சாம்பலான 37-ல் பத்துப் பன்னிரண்டு என்னென்ன பாட்டு என்றே எங்களுக்கு நினைவில்லை. இன்னொன்று, ஆப்பை அழித்துவிட்டால் சந்தா நிற்காது. யுபிஐயில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த அனுமதியையும் ரத்து செய்ய வேண்டும்.

போன வாரம் அப்பா தானே பஸ் ஸ்டாண்டு செல்போன் கடைக்குப் போய் மெமரி கார்டில் பாட்டு ஏற்றி வந்திருக்கிறார். "அம்பது ரூபாடா, ஆயிரம் பாட்டு." அதில் பாதி அவர் கேட்கிற பாட்டே இல்லையாம். சோமுவும் இல்லை.