வயதைக் கழித்தால் வரும் எண்: சைக்கிள் கம்ப்யூட்டரும் மார்புப் பட்டையும், சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

நான் பயன்படுத்தும் சைக்கிள் கம்ப்யூட்டரின் (ஹேண்டில்பாரில் மாட்டி வேகம், வரைபடம், இதயத் துடிப்பு எல்லாம் பார்க்கும் சிறு கருவி) விலை அண்மையில் நன்றாகவே குறைந்திருக்கிறது. மார்த்தாண்டத்தில் இருக்கும் நண்பரின் தம்பி, "அண்ணாச்சி, இப்போ வாங்கிரலாமா?" என்று கேட்டிருந்தார். அதே வாரத்தில்தான் என்னுடைய கருவி பொத்தான் பழுது நீங்கி சர்வீஸ் மையத்திலிருந்து வீடு வந்து சேர்ந்தது. திரையின் அளவு, சார்ஜ் நிற்கும் நேரம், வரைபட வசதி எல்லாவற்றையும் அவர் ஏற்கெனவே படித்துவிட்டார். அவற்றில் எனக்குக் குறையும் இல்லை. ஆனால் இந்தக் கருவியோடு எனக்குத் தீராத வழக்கு ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்ல முடியவில்லை.

முதலில், மார்பில் கட்டிக்கொண்டால் இதயத் துடிப்பைக் கருவிக்கு அனுப்பும் பட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைப் பாராட்ட எனக்கு மனம் நிறைய இருக்கிறது. நம் குமரி மாவட்டத்துப் புழுக்கத்தில் விடிகாலை ஐந்தரை மணிக்கே உடல் நனைந்துவிடும். அந்த உப்பு வியர்வையில் எத்தனையோ பொருள்கள் கெட்டுப்போயிருக்கின்றன. இந்தப் பட்டை கெடவில்லை. மாட்டும் முன் உட்புறத்தைத் தண்ணீரால் நனைத்து, வீடு திரும்பியதும் அலசி நிழலில் உலர்த்தினால் போதும். நெகிழ்ந்துபோன துணிப்பகுதியை ஒருமுறை மாற்றியிருக்கிறேன், காசு வடிவ பேட்டரியை அவ்வப்போது மாற்றுகிறேன். பட்டை இதயத்தின் மின்துடிப்பையே நேராக எடுக்கிறது. கைக்கடிகாரமோ தோலுக்கு அடியில் ஓடும் இரத்தத்தில் வெளிச்சம் பாய்ச்சிக் கணக்கிடுகிறது. குண்டும் குழியுமான சாலையில் ஹேண்டில்பாரை இறுகப் பிடித்துக் குலுங்கிக்கொண்டு போகும்போது, பட்டை 160 காட்டும் அதே நொடியில் கடிகாரம் 110 காட்டியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனி, ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழியிலிருந்து தோவாளையை நோக்கித் திரும்புகிறவர்களுக்குத் தெரியும், கணவாய்க்குள் புகுந்து வரும் அந்த மேல்காற்றில் வேகமானி காட்டும் எண்ணுக்கு எந்தப் பொருளும் கிடையாது. சமதளத்தில் மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாமல் மிதிக்கும்போது, உடல் எவ்வளவு உழைக்கிறது என்பதை உள்ளபடி சொன்னது இந்தப் பட்டை ஒன்றுதான்.

ஆனால் பட்டை உள்ளபடி சொல்லும் எண்ணைக் கருவி எதனோடு ஒப்பிடுகிறது? சர்வீஸ் மையத்திலிருந்து வந்ததும் திரையைத் திறந்தேன்; என் அதிகபட்ச இதயத் துடிப்பு 168 என்று எழுதியிருந்தது. எனக்கு வயது 52. 220-இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்பது கருவியின் கணக்கு; 220-இல் 52 போனால் 168. தடிக்காரன்கோணம் தாண்டிக் கீரிப்பாறைப் பக்கம் ஏறும் ரப்பர்த் தோட்டச் சாலையில் இதே கருவி, இதே பட்டையின் வழியாக, என் நெஞ்சில் 184 துடிப்புகளை வெவ்வேறு நாள்களில் பதிவு செய்திருக்கிறது. தானே பதிந்த எண்ணைத் தானே நம்பாமல், பிறந்த தேதியை நம்புகிற கருவி இது. நான் கையால் 184 என்று மாற்றி வைப்பேன். மென்பொருள் புதுப்பிக்கப்பட்டதும் அது பழையபடி திரும்பிவிடும். இதைவிட வருத்தம் தருவது, ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் மறுநாள் என் கணக்கிலிருந்து ஒரு துடிப்பைக் கேட்காமல் கழித்துவிடுவது. முந்திய நாள் வரை நிதானமான உழைப்பு என்று காட்டிய அதே ஏற்றத்தை, மறுநாள் கடுமையானது என்று காட்டுகிறது.

ஓர் எண் மாறினால் என்ன வந்துவிடப்போகிறது என்று தம்பி கேட்கக்கூடும். அந்த ஓர் எண்ணின் மேல்தான் மற்றவை அனைத்தும் கட்டப்பட்டிருக்கின்றன. 168-இல் 90 சதவீதம் 151. ஆகவே நான் 151-ஐத் தொட்டதும் திரை சிவந்து ஒலி எழுப்பி, உச்ச மண்டலத்துக்குள், அதாவது உழைப்பின் மிகக் கடுமையான படிக்குள், வந்துவிட்டதாக எச்சரிக்கிறது. என் உண்மையான 184-இல் 151 என்பது 82 சதவீதம்தான். பக்கத்தில் வருகிறவரோடு துண்டு துண்டாகப் பேசிக்கொண்டே மிதிக்கக்கூடிய உழைப்பு அது. பயிற்சிச் சுமை, ஓய்வெடுக்க வேண்டிய நேரம் போன்றவையும் இதே அடித்தளத்திலிருந்து வருவதால், பேச்சிப்பாறை வரை நிதானமாகப் போய்வந்த காலைக்கும் மூன்று நாள் ஓய்வு எடுக்கச் சொல்கிறது.

இந்த 220 எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தபோது என் கோபம் கூடியது. 1970-ஐ ஒட்டி, அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணியில் இருந்த சாமுவேல் ஃபாக்ஸ், வில்லியம் ஹாஸ்கெல் என்ற இருவர், இதய நோயாளிகள் எவ்வளவு தூரம் உடற்பயிற்சி செய்யலாம் என்பதை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஒரு மருத்துவக் கூட்டத்துக்காக, அதுவரை வெளியாகியிருந்த பத்துச் சொச்சம் ஆய்வுகளின் தரவுகளைத் தொகுத்து, வயது ஏற ஏற உச்சத் துடிப்பு எப்படி இறங்குகிறது என்பதற்குத் தோராயமான ஒரு கோடு போட்டார்கள். அந்தத் தரவுகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் 55 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள். புகைப்பவர்களும் இதய நோயாளிகளும் அவர்களுள் உண்டு. எல்லா மனிதருக்கும் பொருந்தும் மாதிரி என்று யாரும் அவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. அந்தக் கோடு தனிமனிதருடைய பயிற்சிக்கான அளவுகோலாகவும் வரையப்படவில்லை. 1971-இல் அச்சேறிய பிறகு, எளிதாக நினைவில் நிற்கும் ஒரே காரணத்தால், அது உடற்பயிற்சிக் கூடச் சுவர்களுக்கும் அங்கிருந்து நம் மணிக்கட்டுகளுக்கும் வந்துவிட்டது. 2002-இல் ராபர்க்ஸ், லேண்ட்வேர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதன் மூலத்தைத் தேடிப்போய், இந்தச் சமன்பாட்டுக்கென்று நடத்தப்பட்ட மூல ஆய்வு எதுவும் இல்லை என்று எழுதினார்கள்.

இதைவிடச் சீரான சூத்திரங்கள் பின்னர் வந்தன. 2001-இல் தனக்கா (Tanaka) என்ற ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் 351 ஆய்வுகளை, 18,712 பேருடைய தரவுகளைத் தொகுத்து, 208-இலிருந்து வயதின் 0.7 பங்கைக் கழிக்கச் சொன்னார்கள். ஆண், பெண் வேறுபாட்டாலோ, பயிற்சி உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாட்டாலோ கணக்கு மாறவில்லை என்பதும் அவர்கள் கண்டது. பழைய சூத்திரமும் இதுவும் 40 வயதில் ஒன்றாக 180-இல் சந்திக்கின்றன. அதற்குக் கீழே பழையது கூட்டிச் சொல்கிறது, மேலே குறைத்துச் சொல்கிறது. 60 வயதுக்காரருக்குப் பழையது 160 என்றால் புதியது 166. நார்வேயில் 3,320 பேரை ஓடவைத்து அளந்து 2013-இல் வெளியிட்ட கணக்கு, 211-இலிருந்து வயதின் 0.64 பங்கைக் கழிக்கச் சொல்கிறது. அதன்படி எனக்கு 178, தனக்கா கணக்கில் 172. இரண்டுமே 168-ஐவிட என் நெஞ்சுக்கு அருகில் வருகின்றன, ஆனாலும் எதுவும் 184-ஐத் தொடவில்லை.

சூத்திரத்தை எவ்வளவு திருத்தினாலும் இந்த இடைவெளி அடைபடாது. எந்தச் சூத்திரத்தை எடுத்தாலும் தனிமனிதர்கள் அந்தக் கோட்டிலிருந்து சுமார் பத்துப் பன்னிரண்டு துடிப்புகள் மேலும் கீழுமாகச் சிதறிக் கிடக்கிறார்கள். நார்வே ஆய்விலேயே அந்தப் பிழை 10.8. அதாவது என் வயதுள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர்தான் ஏறத்தாழ 167-க்கும் 189-க்கும் இடையில் அடங்குவார்கள். மிச்சமுள்ளவர்கள் வெளியே நிற்பார்கள், அவர்களுக்கு நோய் ஒன்றும் இல்லை. ஊரார் கால்களின் சராசரி அளவுக்கு ஒரே செருப்பைத் தைத்து வீடுதோறும் கொடுப்பதும் இதுவும் ஒன்றுதான்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவிலேயே இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 45 வயதான ஒரு நண்பருக்குச் சூத்திரம் 175 தருகிறது; அவருடைய பட்டை எத்தனை ஏற்றத்திலும் 163-க்கு மேல் போனதில்லை. 175-இல் 90 சதவீதமான 158-ஐப் பிடிக்கச் சொல்லி அவர் கருவி தூண்டிக்கொண்டே இருந்தது. அவருக்கு அது உச்சத்தின் 97 சதவீதம். சில நிமிடங்களில் கால் கனத்துப்போய் நின்றுவிடுவார், தனக்கு உடல் வலு போதவில்லை என்று மனம் நொந்துகொள்வார். உண்மையில் 163-காரரான அவர்தான் எந்த ஏற்றத்திலும் என்னை முந்துகிறவர். உச்சத் துடிப்பு திறமைக்கு அளவு அல்ல. பயிற்சியால் அது ஏறுவதும் இல்லை, நீண்ட காலப் பயிற்சியில் சற்று இறங்குவதே உண்டு. இரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோபிரொலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு நிலைமை இன்னும் கவலைக்குரியது. அந்த மருந்துகள் துடிப்பின் உச்சத்தையே இறக்கிவிடும். பிறந்த தேதியை மட்டும் கேட்கும் கருவி மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்பதில்லை.

நியாயமாகவும் பேச வேண்டும். புதிதாக வாங்கியவர் பெட்டியைப் பிரித்ததும் ஏதோ ஓர் எண்ணிலிருந்துதான் கருவி தொடங்க முடியும். முதல் நாளே உயிரைக் கொடுத்து ஏறிக் காட்டச் சொல்வது ஆபத்து. மருத்துவமனையில் எனக்கு டிரெட்மில் சோதனை செய்தபோதும் வயதுக் கணக்கின் 85 சதவீதமான 143-ஐத்தான் இலக்காக வைத்தார்கள். அங்கே அந்தக் கணக்குக்கு ஒரு வேலை இருக்கிறது, பக்கத்தில் மருத்துவரும் இருக்கிறார். என் வழக்கு தொடக்க எண்ணோடு அல்ல. அது தோராயம் என்று திரையில் ஓரிடத்திலும் சொல்லாததும், அளந்து கண்ட எண்ணை அழித்துவிட்டுத் தோராயத்தை மறுபடி அங்கே உட்காரவைப்பதும்தான் வழக்கு.

தன் எண்ணைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. நன்றாக ஓய்வெடுத்த உடலோடு, இருபது நிமிடம் நன்றாகச் சூடேறிய பின், ஐந்தாறு நிமிடம் நீளும் ஏற்றத்தில் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போய், கடைசி ஒரு நிமிடம் இருக்கையை விட்டெழுந்து முழு பலத்தோடு மிதித்தால், பட்டை காட்டும் உயர்ந்த எண் உண்மைக்கு மிக அருகில் இருக்கும். களைத்த உடலில் துடிப்பு மேலேறாது என்பதால் இன்னும் ஓரிரு நாள் செய்து பார்க்க வேண்டும். ஓட்டத்தில் கிடைத்த எண்ணை சைக்கிளுக்கு எடுத்துக்கொள்ளவும் கூடாது. மிதிப்பதில் வேலை செய்யும் தசைகள் குறைவு, பழக்கமில்லாதவர்களுக்குத் தொடை முதலில் ஓய்ந்துவிடும், அதனால் சைக்கிளில் உச்சம் பெரும்பாலும் ஐந்து முதல் பத்துத் துடிப்புகள் குறைவாகவே வரும். உச்சம் வரை போக விரும்பாதவர்கள், ராஜாக்கமங்கலத்திலிருந்து மணக்குடி வழியாகச் செல்லும் கடற்கரைச் சாலையில் அதிகாலை அரை மணி நேரம் ஒரே சீராகத் தாங்கக்கூடிய முழு வேகத்தில் மிதித்து, கடைசி இருபது நிமிடத்தின் சராசரித் துடிப்பைக் குறித்துக்கொள்ளலாம்; பயிற்சி மண்டலங்களை அதிலிருந்து வகுப்பதை நான் மேலாகவே கருதுகிறேன்.

வழி காட்டுவதிலும் நீடித்து உழைப்பதிலும் இந்தக் கருவியில் நான் கண்ட குறை மிகக் குறைவு, மழையிலும் சாரலிலும் அது என்னைக் கைவிட்டதே இல்லை, இனியும் அதைத்தான் மாட்டிக்கொண்டு போகப்போகிறேன். ஆனாலும் 168 என்ற எண்ணை மறுபடி அழித்து எழுதிய கையோடு பதில் சொல்வதானால், எவ்வளவு விலை குறைந்தாலும் தம்பி இதை வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். பட்டையை மட்டும் வாங்குங்கள். அது ப்ளூடூத் வழியாகக் கைபேசியோடு இணைந்துகொள்ளும், நீங்கள் கொடுக்கும் எண்ணை மாற்றாத செயலியைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு இதய நோய் இருந்ததாகச் சொன்னீர்கள் என்பதால் முதலில் டாக்டரைப் பார்த்து ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். அவர் சரி என்று சொன்ன பிறகு ஒரு ஞாயிறு காலை தடிக்காரன்கோணத்துக்கு வாருங்கள், உங்கள் எண்ணை அந்த ஏற்றத்திலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.