காணி உறுதி எழுதப் போகிறவர்களுக்கு: முல்லைத்தீவில் நாங்கள் போன நொத்தாரிசு அலுவலகம்

முல்லைத்தீவுப் பக்கம் காணி உறுதி எழுத ஆள் தேடுகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். நாங்கள் போனது, உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசாகவும் இருக்கிற ஒரு பெண் சட்டத்தரணி டவுனில் நடத்தும் சின்ன அலுவலகம். இரண்டு அறை, ஒரு மின்விசிறி, வெளி விறாந்தையில் கொஞ்சம் பிளாஸ்ரிக் கதிரை. வேலைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். காத்திருக்கிற வசதிக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மாட்டேன்.

தங்கச்சிக்குக் கலியாணம் சரிவந்திருந்தது. முள்ளியவளையில் அம்மாவுக்குத் தாய் வழியில் வந்த ஒரு வளவு இருக்கிறது, உறுதிக்காணி. அப்பாவின் வயல் முத்தையன்கட்டில், அது பெர்மிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது. "வளவு தங்கச்சிக்கு" என்று வீட்டில் எல்லோரும் ஒரே வாயாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனால் அம்மா அதை ஒரு மாதிரி விளங்கியிருக்கிறா, தங்கச்சி இன்னொரு மாதிரி, மாப்பிள்ளை வீட்டுக்காரர் வேறொரு மாதிரி. அது அந்த மேசைக்கு முன்னால் போய் இருந்த பிறகுதான் வெளியே வந்தது.

1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுத்தில் நடந்தால்தான் செல்லும். வாயால் கொடுத்தது கணக்கில் இல்லை. அதனால் எழுத வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். எழுத முதல் இவ்வளவு கேள்வி வரும் என்பதுதான் தெரியாது.

நொத்தாரிசு அம்மாவின் முதல் கேள்வி எங்கள் அம்மாவிடம். "அம்மா, நீங்க இருக்குமட்டும் வளவு உங்களிட்ட இருக்கோணும் எண்டு சொன்னீங்க. இருக்குமட்டும் எண்டா என்ன? வீட்டில படுத்து எழும்பினாக் காணுமோ, இல்லாட்டி வளவில வாற வருமானமும் உங்களுக்கோ?"

அம்மா தங்கச்சியைப் பார்த்தா. பிறகு, "தேங்காய் நான் விக்கிறனான் பிள்ளை. அது எனக்கு" என்றா.

தங்கச்சி கொஞ்சம் திகைத்துத்தான் போனாள். அம்மா வீட்டில் இருப்பா, தென்னையும் மாவும் இனித் தன்னுடையவை என்று அவள் நினைத்திருந்தாள். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, ஒரே சொல்லை இரண்டு பேரும் இரண்டு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். நொத்தாரிசு அம்மா 'சீவிய உரித்து' என்று எழுதிவிட்டு அதை அங்கேயே விளக்கினார்: அம்மா உயிரோடு இருக்கும்வரை வீட்டையும் வளவின் பயனையும் அனுபவிக்கலாம். தங்கச்சி இடையில் காணியை விற்றாலும் அந்த உரித்து அப்படியே நிற்கும், வாங்கினவர் அம்மாவை எழுப்ப முடியாது. தங்கச்சியைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். அவள் சொன்ன பிறகுதான் அடுத்த வரிக்குப் போனார்.

மாப்பிள்ளையின் தாயாரும் வந்திருந்தா. "எங்கட பெடியனுக்குத் தாற காணிதானே, ரண்டு பேரின்ர பேரிலயும் எழுதலாமே" என்று மரியாதையாகத்தான் கேட்டா. எங்கள் ஊரில் சீதனம் என்றால் மாப்பிள்ளைக்குக் கொடுப்பது என்றுதான் பலர் கதைக்கிறார்கள். 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுத்த தேசவழமை, வடக்குத் தமிழரின் வழமைச் சட்டம், அப்படிச் சொல்லவில்லை, சீதனம் பெண்ணின் சொத்து. நொத்தாரிசு அம்மா அதை மாமிக்கு முகம் கோணாமல் விளங்கப்படுத்தினார். அதே மூச்சில் எங்களுக்கும் ஒன்று சொன்னார்: காணி தங்கச்சியின் பேரில் இருந்தாலும், கலியாணத்துக்குப் பிறகு அதை விற்கவோ ஈடு வைக்கவோ தேசவழமையின் கீழ் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். 'உன்னுடையது' என்ற சொல்லுக்குள் இப்படி ஒரு கட்டு இருப்பது என் தங்கச்சிக்கு அன்றுதான் தெரிந்தது. இந்தக் காலத்திலும் அந்தச் சட்டம் அப்படியே இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் கையெழுத்து வைக்க முதல் தெரிந்துகொண்டது பெரிய விஷயம். மாமி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பெண்பிள்ளையின் பேரிலேயே எழுதுங்கோ என்று சொல்லிவிட்டா.

அதைவிடக் கனமான கேள்வி பிறகுதான் வந்தது. மகள் தன்னைப் பார்ப்பாள் என்று அம்மா கதையோடு கதையாகச் சொன்னா. நொத்தாரிசு அம்மா பேனையைக் கீழே வைத்தார். "பாக்கிறது எண்டதை உறுதியில நிபந்தனையாப் போடவோ அம்மா? சாப்பாடு, மருந்து, ஆஸ்பத்திரிச் செலவு எண்டு எழுதலாம்."

"பெத்த பிள்ளையிட்ட அதையும் எழுதி வாங்கிறதோ?" என்று அம்மா கேட்டா. குரல் தடித்துவிட்டது.

அவர் வற்புறுத்தவில்லை. 'மீளப்பெற முடியாத நன்கொடை' என்று எழுதினால் அம்மா நினைத்த நேரத்தில் அதை ரத்துச் செய்ய முடியாது என்றார். வாங்கின பிள்ளை பாரதூரமாக நன்றி கெட்டு நடந்தால் மட்டும், 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் நிரூபித்து நீக்கலாமாம். நன்றிகேடு என்று நாங்கள் குடும்பச் சண்டையில் சொல்கிற சொல் சட்டப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் வீட்டில் அழுது சொன்னால் போதும், அங்கே சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். அம்மா நிபந்தனை வேண்டாம் என்றே நின்றா. நான் என்றால் போட்டிருப்பேன். தங்கச்சியில் நம்பிக்கை இல்லாமல் இல்லை, நாளைக்கு அவளுக்கு மேல் யார் யார் பேச்சு எடுபடும் என்று தெரியாது. ஆனால் காணி அம்மாவுடையது, முடிவும் அவவுடையது. அந்த முடிவை விளங்கி எடுக்க இடம் கொடுத்ததற்காகவே இந்த அலுவலகத்தை மெச்சுகிறேன்.

எங்கள் மூல உறுதி 2009இல் இடம்பெயரும்போது போய்விட்டது. காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப் பிரதி எடுக்க அங்குள்ள எழுதுவினைஞர் தம்பி விண்ணப்பம் நிரப்பித் தந்தார். எல்லைகளை நில அளவையாளரின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பழைய உறுதியில் கிழக்கெல்லையாக இருந்தவர் எப்போதோ காலமாகி, அந்தக் காணி இரண்டு கை மாறியிருந்தது.

வயல் விஷயத்தில் காசே வாங்கவில்லை. "அப்பா எனக்கு எழுதி வைச்சவர்" என்று நான் சொன்னதும், எழுதி வைத்தது என்றால் அவருக்குப் பிறகு காணி சேரவேண்டிய பின்னுரித்தாளராக நியமித்துப் பதிந்ததா, அல்லது ஒரு தாளில் எழுதித் தந்ததா என்று கேட்டார். பெர்மிட் காணி 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. பதிந்த நியமனம்தான் அங்கே எடுபடும், அதுவும் மனைவியான அம்மாவின் காலத்துக்குப் பிறகுதான் எனக்கு வரும். பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியில் முதலில் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். காசுக்கு ஒரு கடதாசி எழுதித் தந்திருக்கலாம், செய்யவில்லை.

போன கையோடு என் மச்சானின் அலுவலையும் காட்டினேன். அவன் ஒரு நிறுவனத்தில் சிநேகிதனின் உழவு இயந்திர லீசிங்குக்குப் பிணை வைத்தவன். "சும்மா ஒரு சாட்சிக் கையெழுத்து" என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். படிவம் முழுக்க ஆங்கிலம். நொத்தாரிசு அம்மா இரண்டு வரியைத் தமிழில் வாசித்துக் காட்டினார். ஒன்று, 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' பொறுப்பு. மூன்று பேர் கையெழுத்து வைத்தால் மூன்றில் ஒரு பங்கு என்றுதான் மச்சான் நினைத்திருந்தான். அப்படியில்லை, மிச்சக் கடன் 6 இலட்சம் என்றால் ஒருவரிடமே 6 இலட்சத்தையும் கேட்கலாம். மற்றது, முதலில் கடனாளியிடம் அறவிட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் வா என்று கேட்கிற உரிமையைப் பிணைகாரன் விட்டுக்கொடுப்பதாக எழுதியிருந்தது. மச்சானுக்கு வியர்த்துவிட்டது. சிநேகிதன் இதுவரை தவணை தவறவில்லை, ஆனால் அவர்கள் இருவரும் இப்போது முன்போல் கதைப்பதில்லை. வன்னியில் ஒருவருக்கொருவர் பிணை நிற்காமல் ஒரு சீவியமும் நடக்காது. அதனால்தான் அந்த இரண்டு வரியையும் தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்குகிறவர்களில் எனக்குக் கோபம்.

வாசிக்கத் தெரியாதவருக்கு உறுதியை வாசித்து விளக்க வேண்டும் என்பது 1907ஆம் ஆண்டு நொத்தாரிசுச் சட்டத்தில் உள்ள கடமை. இவர் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கும் அதைச் செய்கிறார். நல்ல தமிழில், அவசரமில்லாமல்.

குறைகள் இரண்டு. விறாந்தையில் வெயில் அடிக்கிறது, வயதானவர்களுக்கு அது சரிவராது. காலையில் முதல் ஆளாகப் போங்கள். அடுத்தது, வரைவை வீட்டுக்குக் கொண்டுபோகத் தருவதில்லை, அங்கேயே வாசிக்க வேண்டும். ஒரு இரவு வைத்துப் பார்க்கத் தந்தால் நல்லது, இதை அவரிடமும் சொன்னேன்.

முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், தன்னுடைய கூலி மூன்றையும் தனித்தனியாக எழுதித் தந்தார். உறுதியின் இரண்டாம் பிரதி அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் பதிவகத்துக்குப் போக வேண்டும், போனதும் அழைப்பெடுத்துச் சொன்னார்கள். போகிறவர்கள் அடையாள அட்டை, பழைய உறுதி அல்லது அத்தாட்சிப் பிரதி, அளவைப் படம் கொண்டுபோங்கள். நன்கொடையாகக் காணி பெறுகிற பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள், நன்கொடையை அவர் ஏற்றுக்கொண்டால்தான் அது செல்லும்.