கேன்வாஸில் உடைக்கு எந்தத் தையல்: ஸ்காட்ச்சா, செங்கல்லா?

வலை போல நெய்த கேன்வாஸை முழுக்கத் தையலால் நிரப்பும் வேலைதான் நீடில்பாயிண்ட். வண்ணம் தீட்டிய அப்படியொரு கேன்வாஸில் ஆள் உருவம் இருந்தால் முகத்துக்கும் கைக்கும் டென்ட் தையல்தான் (நூல்கள் குறுக்கிடும் ஒரே ஒரு புள்ளியைச் சாய்வாகத் தாண்டும் சின்னத் தையல்), அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. குழப்பம் வருவது உடையில். துணி துணியாகத் தெரிய வேண்டும், தோலிலிருந்து பிரிந்து நிற்க வேண்டும், ஓவியர் தீட்டிய மடிப்பும் நிழலும் காணாமல் போகக் கூடாது. நான் இப்போது முடித்த கேன்வாஸ் அங்குலத்துக்கு 18 நூல் உள்ளது. நீளக் கவுனும் சால்வையும் போட்ட ஒரு பெண். கவுனுக்குக் கடைசிவரை போட்டியில் நின்றவை ஸ்காட்ச் தையலும் செங்கல் தையலும். செங்கல்லைத் தேர்ந்தெடுத்தேன். இன்னொரு கவுன் வந்தாலும் அதையேதான் எடுப்பேன்.

முதலில் ஸ்காட்ச். ஐந்து சாய்வுத் தையல் சேர்ந்து ஒரு சதுரம்: ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று என்று நீளம் ஏறி இறங்கும். ஒரு சதுரம் அகலத்தில் மூன்று கேன்வாஸ் நூல், உயரத்தில் மூன்று. நூல் நன்றாகப் படிந்தால் பளபளப்பு அபாரம். அடுத்தடுத்த சதுரங்களை எதிரெதிர்ச் சாய்வில் போட்டால் ஒரே நிறமே இரண்டு நிறம் போல மின்னும். அகலமான கோட்டு, மடிப்பில்லாத மேலங்கி, கட்டம் போட்ட துணி என்றால் இதற்கு ஈடு இல்லை. எல்லாச் சதுரத்தையும் ஒரே பக்கம் சாய்த்தால் மட்டும் கேன்வாஸ் கோணிக்கொள்ளும். சட்டத்தில் இழுத்துக் கட்டித் தைத்தாலும் ஓரளவு இழுக்கத்தான் செய்யும்.

செங்கல் தையல் பார்க்க ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். இரண்டு கேன்வாஸ் நூலைத் தாண்டும் நேர்த் தையல். பக்கத்து வரிசை ஒரு நூல் தள்ளித் தொடங்கும். அவ்வளவுதான். நிமிர்ந்து நிற்கும் தையல் என்பதால் கேன்வாஸைச் சாய்வாக இழுக்காது. துணி தொங்குகிற திசையிலேயே நூலும் ஓடுவதால், கவுன் கீழ்நோக்கி விழுகிற உணர்வு தானாக வந்துவிடும்.

இவையெல்லாம் இரண்டாம் பட்சம். என்னை முடிவெடுக்க வைத்தது ஓரம்.

உடையின் எல்லை எப்போதும் வளைவாகவோ சாய்வாகவோதான் இருக்கும். எந்த அலங்காரத் தையலும் அந்த எல்லையில் முழுதாக முடியாது. மிச்ச இடத்தில் துண்டுத் தையல் போட்டுத்தான் நிரப்ப வேண்டும். என் கேன்வாஸில் கைப்பகுதி அகலமான இடத்திலேயே 12 நூல்தான். அங்கே நான்கு ஸ்காட்ச் சதுரம் அடங்க வேண்டும். ஆனால் இரண்டு பக்கமும் சாய்வு என்பதால் பெரும்பாலான வரிசைகளில் நடுவில் உள்ள இரண்டு சதுரமே முழுசு, மீதி எல்லாம் வெட்டுப்பட்டவை. ஒவ்வொரு வெட்டுச் சதுரத்திலும் எந்தத் தையல் எவ்வளவு நீளம் என்று தனித்தனியாக எண்ண வேண்டும். அப்படி எண்ணித் தைத்தாலும் கண்ணுக்குச் சதுரம் தெரியாது, ஓரத்துக் குழப்பம்தான் தெரியும்.

செங்கல் தையலில் முழுத் தையல் இரண்டு நூல். ஓரத்தில் இடம் போதாவிட்டால் ஒரு நூல். மூன்றாவதாக ஒரு சாத்தியமே கிடையாது. எந்த வளைவுக்கும் இந்த இரண்டே போதும், கணக்குப் போட வேண்டியதே இல்லை. இடுப்பில் கவுன் குறுகும் இடத்தில் இது பெரிய நிம்மதி.

மடிப்பிலும் இதே கதைதான். நிழல் விழும் கோடு ஸ்காட்ச் சதுரத்தின் நடுவே போனால் பாதிச் சதுரம் ஒரு நிறம், பாதி வேறு நிறம், சதுரம் சிதைந்துவிடும். செங்கல்லில் நிழல் தொடங்கும் தையலிலிருந்து அடர்ந்த நிற நூலை எடுத்துக்கொண்டு, மடிப்பே இல்லாதது போல அதே வரிசைக் கணக்கில் போய்க்கொண்டே இருக்கலாம். துணி உண்மையாகவே ஒன்றின்மேல் ஒன்று விழும் இடத்தில் மட்டும் ஒரு வரி டென்ட் போட்டுப் பிரித்தேன். கைப்பகுதியில் தையலைப் படுக்கைவாட்டில் திருப்பிவிட்டேன். அதே நூல்தான், ஆனால் வெளிச்சம் வேறு விதமாகப் பட்டு, உடம்புப் பகுதியைவிட நிறம் ஒரு படி வெளிறித் தெரிகிறது. புது நிறம் வாங்காமலே கை தனியாக நிற்கிறது.

குறையும் உண்டு. நேர்த் தையல் இரண்டு கேன்வாஸ் நூலுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் உட்காரும். பக்கத்து நூல் எட்டிப் பார்க்கும். சாய்வுத் தையலுக்குப் போதுமான இழை இதற்குப் போதாது, ஓரிரு இழை கூட்ட வேண்டும். பருத்தி நூலின் இழைகளைத் தனித்தனியாகப் பிரித்து மறுபடி சேர்த்துக் கோத்தால் நூல் பரந்து படுத்து இடைவெளியை மூடும். முறுக்கோடு அப்படியே கோத்தால் மூடாது. தீட்டிய கேன்வாஸில் கீழே இருப்பதும் அதே நிறம் என்பதால் கொஞ்சம் தெரிந்தாலும் உறுத்தாது. அடர்ந்த நிற உடையை வெள்ளைக் கேன்வாஸில் எண்ணித் தைப்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அங்கே ஸ்காட்ச்சுக்கு ஒரு புள்ளி கூடுதலாகவே கொடுப்பேன்.

சால்வைக்கு ஹங்கேரியன் தையல் போட்டேன். இரண்டு, நான்கு, இரண்டு என்று நீளம் மாறும் சின்ன வைர வடிவம். இரண்டு நிறத்தில் போட்டால் நெய்த சரிகைத் துணி போலவே இருக்கும். ஓர வேலை செங்கல்லைவிடக் கூடுதல், ஆனால் சால்வை அகலம் என்பதால் தாங்கியது. பின்னிய ஸ்வெட்டர் என்றால் கலெம் தையல். வரிசைகள் எதிரெதிராகச் சாய்ந்து, கம்பளி பின்னல் மாதிரியே வரும். குறுக்கே மூன்று சதுரம் கூட முழுதாக அடங்காத கழுத்துப்பட்டை, இடுப்புவார், தொப்பி விளிம்பு எல்லாவற்றையும் டென்ட்டிலேயே விட்டுவிடலாம்.

நான் செய்தது சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் வேலை. குஷன் உறைக்கு எது தாங்கும் என்று அனுபவத்திலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. குட்டைத் தையல் நகத்திலும் வளையலிலும் மாட்டாது என்ற வகையில் இரண்டு நூல் செங்கல்லுக்குத்தான் சாதகம். 18 நூல் கேன்வாஸில் ஸ்காட்ச்சின் நடுத் தையலும் அப்படியொன்றும் நீளமில்லை. அங்குலத்துக்கு 13 நூல் உள்ள கேன்வாஸ் என்றால் அதே தையல் கண்ணுக்குத் தெரிகிற அளவு நீளும், அங்கே கொஞ்சம் யோசித்துப் போடுங்கள்.