அல்சூர் வீட்டில் ஒரு செரோக்கிக் கூடை

அமெரிக்காவின் வட கரோலினாவில் பணிபுரியும் மகள் கடந்த ஜூன் மாதம் கொண்டுவந்த, செரோக்கி என்னும் அமெரிக்கப் பழங்குடியினர் பின்னிய கூடையை, பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் வீட்டில் எட்டு மாதங்கள் புழங்கிய பிறகே இதை எழுதுகிறேன். இரண்டு உள்ளங்கைகளில் அடங்கிவிடும் அளவு. விலையோ ஒரு நல்ல காஞ்சிபுரம் பட்டுப் புடவைக்கு நிகர். ஓலைப் பெட்டி பின்னிய கைகளுக்குச் சொந்தக்காரரான என் மாமியார் விலையைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூடையைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு அரை மணி நேரம் கீழே வைக்கவில்லை.

காரணம் அதன் இரட்டைப் பின்னல். உள்பக்க அடியில் தொடங்கி, உள்சுவரைப் பின்னிக்கொண்டே மேலேறி, விளிம்பில் அதே பட்டைகளை வெளிப்புறமாக மடக்கி, வெளிச்சுவரைப் பின்னியபடி இறங்கி, மீண்டும் அடியிலேயே முடிக்கிறார்கள். கூடைக்குள் இன்னொரு கூடை இருந்தும், இரண்டையும் சேர்க்கும் தையல் எங்கும் இல்லை. விளிம்பைத் தனியே தைத்து முடிக்கும் கொட்டானைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது வியப்பாகத்தான் இருக்கும்.

பட்டைகள் ரிவர்கேன் எனப்படும், ஆற்றோரங்களில் வளரும் அமெரிக்க மூங்கிலைப் பிளந்து சீவியவை. கரும்பழுப்புச் சாயம் வால்நட் மரத்திலிருந்தும், செம்மஞ்சள் சாயம் பிளட்ரூட் செடியின் கிழங்கிலிருந்தும் கிடைக்கின்றன. இதுவரை சாயம் மங்கவில்லை. அந்த மூங்கில் புதர்கள் பெரும்பாலும் உழுநிலமாகிவிட்டதால், பின்னுவதற்கு முன் மூங்கிலைத் தேடுவதே பெண்களுக்குப் பெரும்பாடு. இந்தப் பின்னலே ஏறக்குறைய மறைந்துபோயிருந்தது. 1720-களில் இலண்டனுக்குப் போய், இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு கூடையின் புகைப்படத்தைப் பார்த்தே லாட்டி குயின் ஸ்டாம்பர் அதன் நுட்பத்தைக் கண்டறிந்தார். 1937 முதல் செரோக்கிப் பள்ளியில் கூடை பின்னக் கற்பித்தவர் அவர்.

குறைகளும் உண்டு. மூடி ஒரு வாக்கில் வைத்தால் மட்டுமே சரியாகப் பொருந்துகிறது. கொலுவுக்கு வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்கு எடுத்துக் கொடுக்கும் அவசரத்தில் இது எரிச்சலூட்டியது. ஈர வெற்றிலையை அதில் வைத்ததும் என் தவறுதான்: பெங்களூரு மழைக்காலத்தில் அடிப்பக்கம் பூஞ்சை பிடித்து, இரண்டு நாள் நிழலில் உலர்த்தித் துடைக்க வேண்டியதாயிற்று. உலர்ந்த பொருள்களுக்கு மட்டுமே இது ஏற்றது.

வாங்க விரும்புவோர், அங்குள்ள உறவினர்களிடம் வட கரோலினாவின் செரோக்கி ஊரில் 1946-இல் தொடங்கப்பட்ட குவாலா கைவினைக் கூட்டுறவில் விசாரிக்கச் சொல்லலாம். அன்றாடப் புழக்கத்துக்கு என்றால் வெள்ளை ஓக் சீவலில் பின்னிய ஒற்றைப் பின்னல் கூடையே போதும். எங்கள் மாமியார் அடுத்த முறைக்குச் சொல்லியிருப்பதும் அதைத்தான்.