பச்சையெல்லாம் வேளாண்மை இல்லை: செய்மதிப் படத்தோடு ஆறு வருடம்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் விவசாய அமைப்பின் செயலாளர் பொறுப்பு என் தலையில் விழுந்த வருடமே, செய்மதிப் படம் பார்க்கும் பழக்கமும் தொற்றிக்கொண்டது. முதலில் பார்த்தது நாசா செய்மதிகளில் உள்ள மோடிஸ் கருவியின் படம். அதில் ஒரு புள்ளி 250 மீற்றர் சதுரம். கிட்டத்தட்ட 15 ஏக்கர். வயல், வாடி, வாய்க்கால், பக்கத்துப் பற்றை எல்லாம் ஒரே நிறத்துக்குள் அடங்கிவிடும். மாவட்டம் முழுவதையும் பார்க்க அது போதும், எங்கள் வட்டைக்கு, அதாவது எங்கள் வயல்வெளிக்கு, போதாது. பிறகு ஐரோப்பியச் செய்மதியான சென்டினல்-2 படத்துக்கு மாறினேன். 10 மீற்றர் புள்ளி, ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 40 புள்ளிகள். ஐந்து நாளுக்கு ஒரு படம், காசும் இல்லை. கைத்தொலைபேசியில் பார்க்கலாம், வயல் எல்லையைக் குறிப்பதற்கு மட்டும் கணினி வேண்டும்.

கணக்கு எளிது. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதே தாவரச் சுட்டெண். வெறும் தரைக்கு 0.1, 0.2 என்று காட்டும். கதிர் வெளிவருமுன் குடலைப் பருவத்து நெல் 0.7, 0.8 வரை ஏறும். தண்ணீர் சுழியத்துக்குக் கீழே போகும்.

கணக்கு எளிதென்பதால் வாசிப்பும் எளிது என்று நினைத்தேன். முதல் பெரும்போகத்தில் (மழைக்கால வேளாண்மை), மாசி மாதம், ஒரே வாரத்தில் வட்டை முழுவதும் பச்சை இறங்கிச் செம்மஞ்சளானது. பதறிப்போய், வட்டையின் தண்ணீர் பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானைக்கு அழைத்தேன்.

"தம்பி, அது காயவில்லை, விளைகிறது. நாளை மறுநாள் வெட்டு மெசின் வருகிறது" என்றார். இன்றுவரை கூட்டங்களில் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

அதன் பிறகு தனிப் படத்தை நம்புவதை விட்டுவிட்டேன். அதே வாரத்தின் பழைய வருடப் படங்களோடு ஒப்பிட்டால்தான் பயன். மோடிஸ் பதிவு 2000ஆம் ஆண்டிலிருந்தே கிடைப்பதால், வடகீழ்ப் பருவமழை பொய்த்த 2016/17 பெரும்போகத்தையும் எடுத்துப் பார்க்கலாம். ஒப்பீட்டிலும் ஒரு பொறி உண்டு. குளத்துத் தண்ணீர் இரண்டு கிழமை பிந்தித் திறந்தால் விதைப்பும் பிந்தும். படம் அதை வறட்சி என்று சிவப்பாக்கிவிடும். ஆகவே விதைப்புத் திகதியைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் கொப்பி இல்லாவிட்டால் படத்துக்கு அரைக் கண்தான்.

பெரும்போகத்தில் கார்த்திகை தொடங்கித் தை வரை பெரும்பாலும் முகில்தான் தெரியும். எப்போது அதிகம் தேவையோ அப்போது படம் கையை விரித்துவிடும். சென்டினல்-1 ராடார் முகிலைத் துளைத்துப் பார்க்கும், ஆனால் நான் அதை வெள்ளம் எங்கே நிற்கிறது என்று அறிய மட்டுமே பயன்படுத்துகிறேன்.

குளத்துத் தண்ணீரில் செய்யும் சிறுபோகம் வேறு கதை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். உன்னிச்சைக் குளத்தின் வாய்க்கால் கடைசியில் இருக்கும் வயல் கண்டங்கள் முதலில் மங்குவதை, வரம்பில் நிற்பவர் சொல்வதற்குச் சில நாட்கள் முன்பே ஒருமுறை கண்டேன். இரண்டு போகத்துப் படங்களை அச்செடுத்துக் கூட்டத்தில் வைத்தோம். யார் குரல் பெரிது என்ற சண்டை குறைந்து, முறைத் தண்ணீர் எங்கே முதலில் போகவேண்டும் என்ற பேச்சு வந்தது. எனக்கு அதுவே இதுவரை கிடைத்த பெரிய இலாபம். அழிவு நட்டஈட்டுக்கு அதே படங்களைக் கொண்டுபோனபோது, ஓர் அலுவலகத்தில் புரட்டிக்கூடப் பார்க்காமல் திருப்பித் தந்தார்கள்.

ஒரு வறட்சியில், சுற்றிலும் காய்ந்துகிடக்க நடுவே ஒரு நீளப் பச்சை தெரிந்தது. யாரோ தண்ணீரை மறித்துவிட்டார்கள் என்று மோட்டார் சைக்கிளில் போனோம். வட்டவிதானை இறங்கி ஒரு பிடியைப் பிடுங்கி என் கையில் தந்தார். கோரை.

போன சிறுபோகத்தில் நடந்தது இன்னும் மோசம். பூக்கும் நேரத்தில் பத்து நாள் தண்ணீர் இல்லை, பிறகு வந்தது. படத்தில் அந்தக் கண்டம் 0.7. வரம்பிலிருந்து பார்த்தாலும் இலை செழிப்புத்தான். வட்டவிதானை ஒரு கதிரை உருவி, மணிகளை விரலால் ஒவ்வொன்றாக நசுக்கினார். பால் வரவில்லை, முக்கால்வாசி உள்ளீடற்ற சப்பி. இரவு வீட்டுக்கு வந்து மறுபடி திறந்து பார்த்தேன். அந்த இடம் கரும்பச்சையாகவே இருந்தது.