40 மீட்டர் வளைவுக்கு வெளியே ஓ'நீல்ஸ் பந்து எப்படி?

ஜிம் கேவின் 1995-இல் டப்ளின் அணியில் கேலிக் கால்பந்து, அதாவது காலாலும் கையாலும் ஆடும் அயர்லாந்து ஆட்டம், ஆடி அந்நாட்டின் ஆல்-அயர்லாந்து கோப்பை வென்றவர். பிறகு அதே அணியின் மேலாளராக 2013 முதல் 2019 வரை ஆறு கோப்பைகள் வாங்கிக் கொடுத்தார். கடைசி ஐந்தும் தொடர்ந்து வந்தவை. ஆனால் இந்த ஆட்டத்துக்குப் பந்து வாங்கப் போகிறவருக்கு அவருடைய மூன்றாவது வேலைதான் முக்கியம். விதிகளைத் திருத்த அமைத்த குழுவுக்கு அவர்தான் தலைவராக இருந்தார். அந்தக் குழு சொன்னபடி 2025-இலிருந்து, கோலிலிருந்து 40 மீட்டரில் வரைந்த வளைவுக்கு வெளியே நின்று, கோலின் குறுக்குக் கம்பிக்கு மேலே உதைத்தால் ஒன்றல்ல, இரண்டு புள்ளி.

அவ்வளவு தூரத்திலிருந்து உதைக்கும்போதுதான் பந்தின் தரம் தெரியும். ஓ'நீல்ஸ் நிறுவனத்தின் 'ஆல்-அயர்லாந்து' பந்து அங்கே ஏமாற்றாது.

ஆண்கள் ஆட்டத்துக்கு 5-ஆம் எண். சுற்றளவு 68–70 செ.மீ., ஈரமில்லாத நிலையில் எடை 480–500 கிராம். சாதாரணக் கால்பந்தும் இதே சுற்றளவுதான், ஆனால் 410–450 கிராம்தான் இருக்கும். கைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், காலுக்கு அப்படியில்லை. எடை குறைந்த பந்தில் சோலோ பழகினால், அதாவது ஓடிக்கொண்டே கால்நுனியால் தட்டிக் கைக்கு எடுத்தால், பந்து மார்பைத் தாண்டி எகிறும். அந்த அளவுக்குக் கால் பழகிவிட்டால் ஆட்டப் பந்து முழங்காலோடு நின்றுவிடும். காற்றடிக்கும் நாளில் தூர உதையும் விலகிப் போகும். மலிவு என்று சாதாரணக் கால்பந்தை வாங்கிப் பழகுவது வீண் செலவு.

மேலுறை 18 பட்டைகளால் ஆனது, வாலிபால் போல. வாங்கும்போது இரு கைகளாலும் பந்தைச் சுழற்றி மேலே எறிந்து பாருங்கள். தள்ளாடினால் உருண்டை சரியில்லை, வேறு பந்து கேளுங்கள். தையல் ஓரத்தை விரலால் தடவி, எங்கேயும் புடைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெரும்பாலும் பந்தைக் கெடுப்பது காற்றடிக்கும் முறைதான். ஊசியை ஈரப்படுத்தாமல் குத்தினால் வால்வு கிழிந்து காற்றுக் கசியும். அளவுக்கு மீறி அடைத்தால் தையல் இழுபடும், தலைக்கு மேல் பிடிக்கும்போதும் பந்து கையை விட்டுத் துள்ளும். குறைத்தால் உதையில் தூரம் போய்விடும். கண்ணளவு வேண்டாம், தயாரிப்பாளர் சொல்லும் அழுத்தத்தை மானியில் பார்த்து அடையுங்கள்.

மழையில் ஆடிய பந்தைத் துணியால் துடைத்து நிழலில் உலரவிடுங்கள். ஹீட்டர் பக்கம் வைத்தால் மேலுறை விறைத்து வெடிக்கும்.

பெண்கள் ஆட்டத்துக்கு 4-ஆம் எண்தான். சிறுவர்களுக்கு 'வளர்ந்ததும் ஆகும்' என்று 5 வாங்க வேண்டாம். பிடி எட்டாமல் பந்தை மார்போடு அணைத்துப் பிடிக்கப் பழகிவிடுவார்கள், அதைப் பிறகு மாற்றுவது கடினம்.